புது முயலுக்கு முதல் சீப்பு

வீட்டுக்குப் புதிதாக முயல் வந்திருக்கிறதா? முதல் சில நாள் சீப்பை எடுக்கவே வேண்டாம். காட்டில் எத்தனையோ விலங்குகளுக்கு இரையாகும் பிராணி அது. தலைக்கு மேலிருந்து கை இறங்கினால் பருந்தைக் கண்டதுபோல் ஒடுங்கிவிடும். நீங்கள் தரையில் உட்காருங்கள். கையில் ஒரு கொத்தமல்லித் தழை போதும். அதுவாக வந்து முகரட்டும்.

பிறகு நெற்றியை ஒற்றை விரலால் நீவுங்கள். பற்களை மெல்ல உரசிக்கொண்டு கண்ணைப் பாதி மூடினால் சுகமாக இருக்கிறதென்று அர்த்தம். அப்போது மென்மையான பிரஷால், முடி படிந்திருக்கும் திசையிலேயே, இரண்டே நிமிடம் வாரிவிடுங்கள். முயலின் தோல் மிக மெல்லியது. பின்னங்காலால் தரையைத் தட்டினால் அன்றைக்கு அவ்வளவுதான், விட்டுவிடுங்கள்.

முயலால் வாந்தி எடுக்க முடியாது. உடம்பை நக்கும்போது விழுங்கும் முடி வயிற்றிலேயே தேங்கினால் உயிருக்கே ஆபத்து. முடி கொட்டும் பருவத்தில் தினமும் வாருங்கள், உலர்ந்த புல்லைத் தாராளமாகக் கொடுங்கள்.

குளிப்பாட்ட வேண்டாம், நனைந்த முயல் பயத்திலும் குளிரிலும் துவண்டுவிடும். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கும். அது தூக்கமல்ல, பயத்தில் உறைந்த நிலை.