வலியறிவோம் – 11: பழகிப்போன உடம்பு

“வலி இப்பல்லாம் மாத்திரைக்குக் கேட்க மாட்டேங்குது, உடம்புக்குப் பழகிப்போச்சு.” நாள்பட்ட வலியோடு வாழ்பவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. அவரே ஒரு வேளை மாத்திரையைத் தவறவிட்டுப் படபடத்துப் போனால், பக்கத்தில் இருப்பவர்கள் “அதுக்கு அடிமையாயிட்டாரு” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். மார்ஃபின், ஆக்ஸிகோடோன், டிரமடால் போன்ற ஓபியாய்டு மருந்துகளில் இந்த இரண்டு பேச்சையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மருத்துவம் இதில் மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்கிறது. அதே அளவு மருந்துக்குப் பலன் குறைந்துகொண்டே போவது தாங்குதிறன். நிறுத்தினால் உடல் துடித்துப்போவது சார்பு. கேடு என்று தெரிந்தும் அதையே தேடி ஓடுவது அடிமைநிலை. முதல் இரண்டும், இந்த மருந்தை நீண்ட நாள் எடுக்கும் எவருடைய நரம்பணுக்களிலும் நடக்கக்கூடியவை. குணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதைப் புரிந்துகொள்ளாததால்தான் ஒரு காலத்தில் கணக்கில்லாமல் மருந்தைக் கொடுத்தார்கள். பிறகு அதே வேகத்தில் பிடுங்கவும் செய்தார்கள் என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது.

நரம்பணுவின் மேற்பரப்பில் ஓபியாய்டு வந்து பொருந்தும் இடமே ஏற்பி. அப்படி ஒன்று இருப்பதை 1973-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் நிறுவினார்கள். 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும், உடலே சுரக்கும் ஓபியாய்டான என்கெஃபலினை அடையாளம் கண்டார்கள். இந்த ஏற்பிகளில் ‘மியூ’ வகைதான் மார்ஃபினுக்கு முக்கியமானது. அதில் மருந்து அமர்ந்ததும் அணுவுக்குள் கால்சியம் வரும் வழிகள் ஒடுங்குகின்றன. பொட்டாசியம் வெளியேறும் வழிகள் திறக்கின்றன. அடினைலில் சைக்ளேஸ் என்ற நொதியின் வேகம் தணிகிறது. மொத்தத்தில் அணு அமைதியாகிறது. வலிச்செய்தி மேலே போவது குறைகிறது. உடல் தானே சுரக்கும் என்கெஃபலின் வேலையை முடித்த சிறிது நேரத்தில் சிதைக்கப்பட்டுவிடும். மாத்திரை அப்படியல்ல. மணிக்கணக்கில் நிற்கிறது, அடுத்த வேளை மாத்திரை வந்து அதைத் தொடர்கிறது. எப்போதாவது அழுத்துவதற்கென்று இருக்கும் பொத்தானை இரவு பகலாக அழுத்திப் பிடித்தது போன்ற நிலை அது.

அணு இதற்கு முதல் பதிலை ஏற்பியின் வாசலிலேயே சொல்கிறது. தொடர்ந்து தூண்டப்படும் ஏற்பியின் உட்பக்க வாலில் பாஸ்பேட் துணுக்குகள் ஒட்டப்படுகின்றன. அந்த அடையாளத்தைக் கண்டு அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஏற்பியின் செய்தியைத் தடுக்கிறது. சில ஏற்பிகள் அணுவுக்குள்ளேயே இழுத்துக்கொள்ளப்படுகின்றன. ‘ஏற்பிகள் குறைந்துபோனதால் மருந்து கேட்கவில்லை’ என்று எளிமையாகச் சொல்லப்படுவது இந்தப் பகுதியைத்தான். ஆனால் கதை இதோடு முடிவதில்லை. 2000-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் லாரா போனும் சக ஆய்வாளர்களும், அரெஸ்டினின் ஒரு வகை இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குத் தொடர்ந்து மார்ஃபின் கொடுத்தார்கள். அவற்றிடம் வலிநிவாரணம் மங்கவில்லை. ஆனால் மருந்தின் செயலை முறித்தபோது மற்ற எலிகளைப் போலவே அவையும் துடித்தன. ஆக, தாங்குதிறனும் சார்பும் அணுவுக்குள்ளேயே வெவ்வேறு தடங்களில் நடப்பவை. வாசலில் மட்டும் பார்த்தால் சார்பின் காரணம் தெரியாது.

அந்தக் காரணத்தை ஒரு கண்ணாடித் தட்டில் காட்டிய பரிசோதனை 1975-லேயே வெளிவந்தது. மரபுக் குறியீட்டை விடுவித்ததற்காக நோபல் பரிசு பெற்ற மார்ஷல் நிரன்பெர்க், ஷர்மா, க்ளீ ஆகியோருடன் சேர்ந்து, எலி அணுக்களை இணைத்து உருவாக்கிய ஒரு நரம்பணுக் கலப்பினத்தை மார்ஃபினில் வளர்த்தார். முதலில், எதிர்பார்த்தபடியே, அடினைலில் சைக்ளேஸ் நொதியின் வேகம் சரிந்தது. அது தயாரிக்கும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற செய்திப்பொருளும் குறைந்தது. நாள்கள் போகப்போக, மார்ஃபின் அங்கேயே இருக்கும்போதே, அணுக்கள் நொதியின் திறனைக் கூட்டிக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்பின. அதன்பின் மார்ஃபினை விலக்கியதும் சைக்ளிக் ஏ.எம்.பி. இயல்பைத் தாண்டி எகிறியது. அந்தத் தட்டில் மனம் இல்லை, ஆசை இல்லை, கவலை இல்லை. வெறும் அணுக்கள் ஒரு மருந்துக்குப் பழகின; அதை இழந்தபோது கொந்தளித்தன. சார்பு என்பது மனவுறுதி இல்லாதவர்களுக்கு வருவது என்ற வாதம் என்னைப் பொறுத்தவரை அந்தத் தட்டிலேயே முடிந்துவிட்டது.

இதே கொந்தளிப்புதான் மூளைத்தண்டில் உள்ள லோகஸ் செருலியஸ் என்ற சிறு அணுக்கூட்டத்திலும் நிகழ்கிறது. விழிப்பையும் பதற்றத்தையும் ஆளும் நாரட்ரினலின் இங்கிருந்துதான் மூளையெங்கும் போகிறது. மாதக்கணக்கில் ஓபியாய்டு அமுக்கிவைத்த இந்த அணுக்கள், அமுக்கத்தை மீறி வேலை செய்யப் பழகியிருக்கும். கை எடுக்கப்பட்டதும் கட்டுக்கடங்காமல் முழங்குகின்றன. நிறுத்தியவரின் உடலைக் கவனித்தால் மருந்து செய்த ஒவ்வொன்றும் தலைகீழாகத் திரும்பியிருப்பது தெரியும். சுருங்கியிருந்த கண்மணி விரிகிறது. மலச்சிக்கல் போய் வயிற்றுப்போக்கு வருகிறது. மயக்கம் போய்த் தூக்கமே வராமல் போகிறது. கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, உடலெங்கும் மயிர்க்கூச்செறிதல். நாரட்ரினலின் வெளியேற்றத்தைத் தணிக்கும் குளோனிடின் என்ற ரத்த அழுத்த மருந்து இந்த அவதியைக் குறைப்பதே, கோளாறு எங்கே இருக்கிறது என்பதற்கு நல்ல சான்று.

தகவமைப்பு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பதுதான் இதில் உயிராபத்து. வலிநிவாரணமும் கிறக்கமும் சீக்கிரம் மங்குகின்றன. மூச்சை அடக்கும் விளைவுக்கு உடல் அவ்வளவு விரைவாகப் பழகுவதில்லை. மலச்சிக்கலுக்குப் பழகுவதே அரிது. பழைய நிவாரணத்தைத் தேடி அளவைக் கூட்டிக்கொண்டே போகிறவருக்கு, வலி தணியும் அளவுக்கும் மூச்சு நிற்கும் அளவுக்கும் இடையிலான இடைவெளி சுருங்கிவிடுகிறது. திரும்பும் பாதையும் ஆபத்தானது. சில வாரம் மருந்தில்லாமல் இருந்தால் தாங்குதிறன் கரைந்துவிடும். பழைய அளவே நஞ்சாகிவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றிய 2007-ஆம் ஆண்டு ஆய்வில், வெளிவந்த முதல் இரண்டு வாரங்களில் போதைமருந்து மிகையால் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 129 மடங்கு இருந்தது.

உண்மையான வலிக்காக எடுப்பவருக்கு இதெல்லாம் நேராது என்றொரு வாதம் நெடுநாள் செல்வாக்கோடு இருந்தது. 1980-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஐந்தே வாக்கியக் கடிதம் அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது: மருத்துவமனையில் இந்த மருந்து பெற்ற 11,882 பேரில் அடிமையானவர்கள் நால்வர். ஆனால் அது மருத்துவமனைக்குள் இருந்த நோயாளிகளின் கணக்கு. வீட்டில் ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. 1996-ல் ஆக்ஸிகான்டினைச் சந்தைக்குக் கொண்டுவந்த பர்டூ நிறுவனம், அடிமையாகும் அபாயத்தைக் குறைத்துக் காட்டியதற்காக 2007-ல் குற்றத்தை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. மியூ ஏற்பியே இல்லாத எலிகளில் மார்ஃபின் வலியையும் தணிப்பதில்லை, சார்பையும் உண்டாக்குவதில்லை என்பது 1996-லேயே நிறுவப்பட்டது. இரண்டும் ஒரே கதவின் வழியாக வருபவை. மருந்து எதற்காக வந்தது என்று ஏற்பி விசாரிப்பதில்லை. பலனைப் பார்த்தாலும், 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் முதுகு, இடுப்பு, மூட்டு வலியுள்ள 240 பேரை 12 மாதம் தொடர்ந்தபோது, ஓபியாய்டு எடுத்தவர்களின் அன்றாடச் செயல்பாடு மற்ற மருந்து எடுத்தவர்களைவிட மேம்படவில்லை. வலி சற்றுக் கூடுதலாகவே இருந்தது.

அப்படியானால் புற்றுநோய் வலிக்கும் மார்ஃபின் வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும். அங்கே அளவு கூடுவதற்குப் பல நேரம் நோய் முற்றுவதே காரணம், பழக்கம் அல்ல. சார்பு உண்டானாலும், நிவாரணம் தேவைப்படும்வரை மருந்து தொடரும் என்பதால் அது தடையாகாது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு மருத்துவமனைகளில் மார்ஃபின் புழக்கம் பெருமளவு சரிந்தது. உரிமம் வாங்கும் சிக்கலும் ‘அடிமையாகிவிடுவார்’ என்ற பயமும் சேர்ந்து, சாகும் தறுவாயில் இருப்பவர்களைக்கூட வலியில் விட்டன. கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய வலிநிவாரண இயக்கத்தின் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகே 2014-ல் அந்தச் சட்டம் தளர்த்தப்பட்டது.

மற்றொரு வாதம், இவ்வளவு கேடென்றால் உடனே நிறுத்திவிட வேண்டியதுதானே என்பது. அமெரிக்காவில் பலருக்கு மருந்து அப்படித்தான் நிறுத்தப்பட்டது. விலகல் அவதி, கட்டுப்படாத வலி, தற்கொலை வரை போன துயரங்களைக் கண்டபின், 2019-ல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் திடீர் நிறுத்தத்துக்கு எதிராக எச்சரித்தது. ஓராண்டுக்கு மேல் எடுத்தவர்களுக்கு மாதம் 10 சதவீதம் அல்லது அதற்கும் மெதுவாகக் குறைப்பது தாங்கக்கூடியது என்பது 2022-ன் வழிகாட்டுதல். நாள்கணக்கில் தன்னை மாற்றிக்கொண்ட அணுவுக்குத் திரும்பி வரவும் நாள்கள் வேண்டும். புரோப்ரானலால் என்ற இதய மருந்தைச் சட்டென்று நிறுத்தினாலும் இதயம் படபடக்கும். அதை எடுத்தவரை யாரும் அடிமை என்பதில்லை. 2013-ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடும், மருத்துவர் மேற்பார்வையில் மருந்து எடுப்பவரின் தாங்குதிறனையும் விலகல் அறிகுறியையும் அடிமைநிலைக்கான அடையாளமாக எண்ணக் கூடாது என்றே சொல்கிறது. ஆகவே வீட்டில் ஒருவர் “மாத்திரை பழகிப்போச்சு” என்றால், தானே அளவைக் கூட்டவும் விடக் கூடாது, பறித்து ஒளித்துவைக்கவும் கூடாது. அவர் சொன்ன அந்த வார்த்தையை அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

சார்போடு அடிமைநிலையும் சேர்ந்துவிட்டவர்களுக்கு, அதே மியூ ஏற்பியில் அமர்ந்தே உதவும் மெத்தடோன், பியூப்ரனார்ஃபின் என்ற இரண்டு மருந்துகளைப் பற்றி அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)