வானத்திலிருந்து எழுதிய பேரேடு

தில்லிக்கு வந்து துணிக்கடை வைத்து நாற்பது வருஷமாகிறது. குளிர்காலம் பிறந்தால் சங்கத்தில் ஒரே பேச்சுதான்: "இன்னிக்குக் காத்து எண் எத்தனை?" கைபேசியைப் பார்த்துப் பயப்படுவோம், மார்ச் வந்ததும் மறந்துபோவோம். அடியேன் வியாபாரி. ஒருநாள் வரவை வைத்துக் கடையின் நிலையைச் சொல்லமாட்டேன்; பேரேட்டைப் புரட்டி ஐந்தொகை போட வேண்டும். நுரையீரலுக்கும் இருதயத்துக்கும் அப்படித்தான். தீபாவளி மறுநாள் புகையைவிட, வருஷக்கணக்கில் உள்ளே போன சராசரியே அதிகம் கெடுக்கிறது.

அந்தப் பேரேடு யாரிடம் இருக்கிறது? தலைமுடிப் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கான 2.5 மைக்ரான் நுண்துகளுக்கு நம் நாட்டில் வரம்பு வகுத்ததே 2009இல்தான். அதற்கு முந்தைய வருஷங்களுக்குத் தரைக்கணக்கு சொற்பம். கிராமங்களுக்கு இன்றும் அரிது.

இங்கேதான் செயற்கைக்கோள் உதவுகிறது. 1999இல் நாசா ஏவிய டெர்ரா, 2002இல் ஏவிய அக்வா இரண்டிலும் மோடிஸ் என்றொரு கருவி. அது தூசியை எடை போடுவதில்லை. பூமியிலிருந்து திரும்பும் சூரிய ஒளியைப் பார்த்து, தரைமுதல் உச்சிவரை உள்ள மொத்தத் தூசிக்கும் ஓர் எண் தருகிறது. நமக்கு வேண்டியதோ மூக்கு மட்டத்துக் கணக்கு! மே மாதத்தில் தார்ப் பாலைவனத்து மணல்தூசி உயரத்தில் பறக்கும். எண் ஏறும், ஆனால் அதில் பருவெட்டான துகளே அதிகம். ஜனவரியில் புகை தரையோடு படுத்துக் கிடக்கும்; எண் சொல்வதைவிடக் கீழே மூச்சு முட்டும். ஆகவே காற்றோட்டம், ஈரம், புகை கிளம்பும் இடம் எல்லாம் கணக்கிட்டு, உச்சி எண்ணுக்குத் தரை எண் எவ்வளவு என்று விகிதம் கண்டு, தரைக்கருவிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள். ஐஐடி தில்லியில் சாக்னிக் தே குழுவினர் 2000 முதல் இந்தியா முழுமைக்கும், ஒரு கிலோமீட்டர் சதுரம் சதுரமாக, இப்படிக் கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

மேகத்துக்கும் மூடுபனிக்கும் அடியில் கோளின் கண் எட்டாது. ஆகவே ஒருநாள் கணக்குக்கு இதை நம்பாதீர்கள். பல வருஷக் கணக்குக்கு நம்பலாம்.

பேத்திக்கு இளைப்பு. மகன் மீரட் பக்கம் வயல்நடுவே மனை பார்த்தான். "பச்சைப்பசேல்னு இருக்குப்பா, காத்து சுத்தம்" என்றான். வரைபடத்தை விரித்துக் காட்டினேன். பஞ்சாப் முதல் வங்காளம் வரை கங்கைச் சமவெளி முழுதும் ஒரே அடர்த்தியான பட்டை. கிராமமும் தப்பவில்லை, விறகடுப்புப் புகையும் அதில் சேர்த்தி. ஆண்டுச் சராசரிக்கு நம் நாட்டு வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 5. மீரட்டோ 40ஐயே தாண்டி நிற்கிறது.

மனைக்குக் கொடுத்த முன்பணம் போகட்டும் என்றுவிட்டான். பட்டைக்கு வெளியே பிழைப்புக்கு ஏற்ற ஊர் எது என்று இப்போது இருவருமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.