நினைத்தால் நகருமா மவுஸ்?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் மவுஸைப் பிடித்துப் பழகவே சில நாட்கள் ஆகும். கையையே அசைக்க முடியாதவர் என்ன செய்வார்? பொங்கலுக்கு உடன்குடி போயிருந்தபோது இந்தக் கேள்வி என் முன் வந்தது. என் பெரியப்பா பனையேறி. மரத்திலிருந்து விழுந்து கழுத்தில் அடிபட்டதில் கை, கால்கள் செயலிழந்து படுக்கையில் இருக்கிறார். “ஏய்யா, நெனச்சாலே கம்ப்யூட்டர் வேல பாக்குமாமே, நெசமா?” என்று கேட்டார்.

மூளையின் சிக்னல்

மூளை செல்கள் மின் துடிப்புகளால் பேசிக் கொள்கின்றன. தலைமேல் எலக்ட்ரோடுகள் வைத்து இவற்றைப் பதிவு செய்வதுதான் இ.இ.ஜி. மனிதரிடம் இதை முதலில் செய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் (1924). மண்டையோட்டைத் தாண்டி வரும் சிக்னல் மிகவும் பலவீனமானது. கண் சிமிட்டினாலே குழம்பிவிடும். இங்கேதான் செயற்கை நுண்ணறிவு உதவுகிறது. ‘வலது கையை அசைப்பதாக நினையுங்கள்’ என்று பலமுறை சொல்லி, அப்போது வரும் சிக்னலை சாஃப்ட்வேருக்குப் பழக்குகிறார்கள். அதே சிக்னல் மீண்டும் வந்தால் அதைக் கிளிக்காக மாற்றிவிடும். மற்றபடி, மனதில் உள்ள ரகசியத்தை எல்லாம் அது படிக்காது!

ஸ்பேஸ் பார் அழுத்திய நினைப்பு

2013 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராஜேஷ் ராவ் ஒரு சோதனை செய்தார். சிந்துவெளி எழுத்துகள் பற்றி ஐராவதம் மகாதேவனுடன் சேர்ந்து 2009-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர் இவர். இ.இ.ஜி. தொப்பி அணிந்து, வீடியோ கேமில் பீரங்கி சுட வேண்டிய நேரத்தில் கையை அசைப்பதாக நினைத்தார். சிக்னல் இன்டர்நெட் வழியே போனது. வளாகத்தின் மறுபக்கம் ஆண்ட்ரியா ஸ்டோக்கோவின் தலைமேல் இருந்த காந்தச் சுருள் அவர் மூளையைத் தூண்ட, அவரது விரல் கீபோர்டைத் தட்டியது!

மூளைக்குள் சிப்

தெளிவான சிக்னல் வேண்டுமென்றால் ஆபரேஷன் செய்ய வேண்டும். 2004-ல் ‘பிரெயின்கேட்’ சோதனையில் மேத்யூ நேகல் என்பவரின் மூளையில் 96 எலக்ட்ரோடுகள் பொருத்தப்பட்டன. கழுத்துக்குக் கீழே செயலிழந்திருந்த அவர் கர்சரை நகர்த்தி ஈமெயில் திறந்தார். 2024 ஜனவரியில் ‘நியூராலிங்க்’ தன் முதல் மனிதச் சோதனையில் 1,024 எலக்ட்ரோடுகள் கொண்ட சிப்பைப் பொருத்தியது. சில வாரங்களில் அதன் மெல்லிய இழைகள் பல விலகிவிட்டன. சாஃப்ட்வேரை மாற்றித்தான் சமாளித்தார்கள்.

பெரியப்பாவிடம் இப்படிச் சொன்னேன்: “உங்க சிபியு நல்லாத்தான் இருக்கு பெரியப்பா, கேபிள்தான் அறுந்திருக்கு. அதை இணைக்கிற வழி இன்னும் சோதனையிலதான் இருக்கு.”

சற்று நேரம் பேசாமல் இருந்தார். அவர் குரலுக்கு ஒன்றும் குறைவில்லையே! போனில் தமிழ்க் குரல் தட்டச்சை அமைத்து, மைக் பட்டனை நான் தொட்டுப் பிடித்தேன். விழுந்த பிறகு அவர் முதன்முதலாக எழுதிய வரி, சித்தப்பாவுக்குப் போனது: “கருப்பட்டி என்ன விலை போகுது?”