ராஜா தேசிங்குக்கு எத்தனை ஸ்பீக்கர்?

செஞ்சிக் கோட்டையை ஆண்ட தேசிங்கின் கதை, எம்.ஜி.ஆர். நடிப்பில் 1960-இல் 'ராஜா தேசிங்கு' என்று படமானது. இன்று செஞ்சியில் ஒரு வீட்டு ஹோம் தியேட்டரில் அதைப் போட்டால் ரிமோட்டில் எந்த ஒலி அமைப்பை வைப்பது? ஆறு பெட்டி வாங்கியாயிற்று, ஆறும் முழங்கட்டும் என்றுதான் தோன்றும். ஆனால் அக்காலத் தமிழ்ப் படங்களின் ஒலி மோனோ, அதாவது ஒற்றைத் தடம். குதிரை பின்னாலிருந்து வருகிறது என்ற தகவலே அதில் கிடையாது.

பதிவில் எத்தனை தடமோ, அதற்கேற்ற அமைப்பு என்பதே அடிப்படை. மோனோ படத்துக்கும் எண்பதுகளின் ஸ்டீரியோ பாடல்களுக்கும் 'ஸ்டீரியோ' போதும். 'குருதிப்புனல்' (1995) காலத்துக்குப் பிறகு டால்பி, டிடிஎஸ் முறைகள் பரவின. அப்படி 5.1 தடத்தில் வரும் படத்துக்கு 'ஆட்டோ' வையுங்கள். வசனம் நடு ஸ்பீக்கருக்கும், இசை பெரும்பாலும் முன்பக்க இரண்டுக்கும், மழையும் கூட்டத்தின் இரைச்சலும் பக்கவாட்டு இரண்டுக்கும் தாமாகப் பிரியும். அந்த '.1' என்பது 120 ஹெர்ட்ஸுக்குக் கீழான அதிர்வுகளுக்கு உரிய தனித் தடம், சப்வூஃபரின் பங்கு.

'ஹால்', 'ஸ்டேடியம்' போன்றவை செயற்கை எதிரொலியைச் சேர்ப்பவை. டைல்ஸ் தரையும் கான்கிரீட் சுவரும் உள்ள அறை, கோட்டை நெற்களஞ்சியம்போல ஏற்கெனவே எதிரொலிக்கும். அதன்மேல் இன்னொன்று சேர்ந்தால் வசனம் குழம்பும். கனத்த திரைச்சீலையும் விரிப்பும் போட்டாலே ஒலி தெளியும்.

ஆட்டோவில் வைத்தும் பின்பக்கம் ஊமையாக இருந்தால் டிவியின் ஒலி அமைப்பைப் பாருங்கள். அங்கே 'பிசிஎம்' என்றிருந்தால் பெரும்பாலும் இரண்டு தடம்தான் வெளியே போகும். 'பிட்ஸ்ட்ரீம்' என்று மாற்றுங்கள்.

அடுத்து, அளவு நாடா. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும்; ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி. ஒவ்வொரு ஸ்பீக்கரும் உங்கள் இருக்கையிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து பதிந்தால், அருகிலுள்ளதன் ஒலியைக் கருவி சற்றுத் தாமதித்து அனுப்பும். எல்லாம் ஒரே நேரத்தில் காதை எட்டும். பக்கவாட்டு ஸ்பீக்கர்கள் இருக்கைக்குச் சற்றுப் பின்தள்ளி, காது மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருப்பது நல்லது.

இரவில் குழந்தை தூங்கினால் 'நைட் மோட்'. வெடிச்சத்தம் அடங்கும், பேச்சு கேட்கும். படம் ஓடும்போது பின் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று காது காட்டிக்கொடுத்தால், அதன் ஒலியளவு அதிகம். ஓரிரு டெசிபல் குறையுங்கள்.