மூட்டைக்குள் மூச்சு

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது மம்சாபுரம். நெல்லும் தென்னையும் விளைகிற பூமி. அறுத்து, தூற்றி, சிப்பம் கட்டிக் கிடங்கில் ஏற்றிவிட்டால் நெல்லின் பயணம் நின்றுவிட்டதாகத் தோன்றும். ஆனால் உள்ளே போவது ஜடப்பொருள் அல்ல, விதை. ஒவ்வொரு மணியும் ஆக்சிஜனை இழுத்து, கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. கிடங்குத் தவறுகளில் பல, இந்த மூச்சை மறப்பதால் வருபவை.

முதலாவது ஈரம். தமிழகத்தின் நேரடி கொள்முதல் நிலையங்களில் நெல்லுக்கு வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மாதக்கணக்கில் வைத்திருக்க அது போதாது; 14 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். இறங்காமல் அடுக்கினால் மூச்சு வேகமெடுக்கிறது, அடுக்கின் நடுவில் சூடு ஏறுகிறது, பூஞ்சை பிடித்து மணி பழுப்பேறுகிறது. கொப்பரைக்கு எல்லை இன்னும் கடுமை: சுமார் 6 சதவீதம். தாண்டினால் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வளர்ந்து, கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சைச் சுரக்கக்கூடும். பஞ்சின் கதை நேரெதிர். ராஜபாளையம் போன்ற மில் ஊர்களில் நூற்புக் கூடத்தின் காற்றை வேண்டுமென்றே ஈரமாக்குகிறார்கள். ரொம்பக் காய்ந்தால் இழை அறுந்துவிடும். எல்லாச் சரக்குக்கும் ஒரே விதி செல்லாது.

அடுத்தது அடுக்கும் முறை. சிமென்ட் தரை காய்ந்திருப்பதுபோல் தெரிந்தாலும், அடியிலிருந்து ஈரம் நுண்துளைகள் வழியே மேலேறும். அதனால்தான் மூட்டைக்குக் கீழே மரச்சட்டம் போடுவது. இடத்தை மிச்சம்பிடிக்கச் சுவரை ஒட்டி அடுக்கினால் சுவரின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். எலி வளை பறித்தாலும் கண்ணில் படாது. சுற்றிவர ஆள் நடக்க வழி விட்டால்தான் நடு மூட்டையிலும் குத்தூசி போட்டுப் பார்க்க முடியும். வழியில்லாத கிடங்கில் இன்னொன்றும் நடக்கும்: வாசலருகே இறக்கிய புதுச் சரக்கு முதலில் வெளியேற, பழையது மூலையில் கிடந்து வண்டுக்கு இரையாகும். ஒவ்வொரு அடுக்கிலும் வந்த தேதி எழுதிய அட்டை தொங்கினால் இதைத் தவிர்க்கலாம்.

வண்டு கண்ணில் படும்போது காலம் கடந்திருக்கும். அரிசி வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையை மூடிவிடுகிறது. ஒரு பெண் வண்டு 300 முட்டை வரை இடும்; நம் ஊர் வெப்பத்தில் ஒரு தலைமுறை உருவாக ஏறக்குறைய ஒரு மாதம் போதும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய குழாய்ப் பொறி இங்கே உதவுகிறது. 2 மில்லிமீட்டர் துளைகள் கொண்ட குழாயைத் தானியத்தில் செருகினால், காற்று தேடி வரும் பூச்சிகள் துளைக்குள் நுழைந்து அடியில் விழும். வாரம் ஒருமுறை எடுத்துப் பார்த்தால் பெருகும் முன்பே தெரிந்துவிடும்.

பெருகிவிட்டால் பாஸ்பீன் புகைமூட்டம். கொடிய விஷவாயு, பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டியது. அடுக்கை மூடிய உறை கிழிந்திருந்தாலோ, அவசரப்பட்டு இரண்டு மூன்று நாளில் பிரித்துவிட்டாலோ, முட்டையும் கூட்டுப்புழுவும் தப்பிவிடும். இப்படி அரைகுறையாக மருந்து பட்டுப் பிழைத்தவற்றின் வாரிசுகள்தான் பாஸ்பீனுக்கு மசியாத இனங்களாகின்றன. 1972-73-ல் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு நடத்திய உலகளாவிய ஆய்விலேயே இந்த எதிர்ப்புத்திறன் பதிவாகிவிட்டது.

கடைசியாகக் கணக்கு. 17 சதவீத ஈரத்தில் வந்த ஒரு டன் நெல், கிடங்கிலேயே 14-க்கு உலர்ந்தால் எடை சுமார் 965 கிலோவாகும். ஒரு மணிகூடத் திருடுபோகாமலே 35 கிலோ குறைகிறது, போனது தண்ணீர். இறக்கும்போதும் ஏற்றும்போதும் எடையோடு ஈரப்பதத்தையும் பதிவேட்டில் எழுதியிருந்தால் இதைக் காகிதத்திலேயே நிரூபிக்கலாம். எழுதாவிட்டால் நேர்மையான காவலாளி சந்தேகத்துக்கு ஆளாவார். உண்மையிலேயே எடுத்தவரோ, ‘காய்ஞ்சு போச்சு’ என்று சொல்லித் தப்பிவிடுவார்.