தனிவழிப் பாணர்கள் – 8: ஐந்து டாலர் டிக்கெட்

1980-ஆம் ஆண்டின் கடைசி. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் நான்கு பையன்கள் தங்கள் இசைக்குழுவைக் கலைத்துவிட்டார்கள். குழுவின் பெயர் டீன் ஐடில்ஸ். முழுசாக ஒன்றரை வருடம்கூட ஓடவில்லை. கச்சேரிகளில் கிடைத்த காசை அதுவரை பங்கு போடாமல் சேர்த்து வைத்திருந்தார்கள். சுமார் 600 டாலர் இருந்தது. தலைக்கு 150 டாலரை எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். இல்லையென்றால், ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்த எட்டுப் பாட்டுகளை இசைத்தட்டாகப் போடலாம். கலைந்துபோன குழுவின் தட்டை எவன் வாங்குவான் என்று கணக்குப் பார்க்காமல், தட்டையே போட்டார்கள். ஆயிரம் பிரதிகள்.

அந்தத் தட்டுக்காகத் தொடங்கப்பட்ட டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் இன்றும் நடக்கிறது. தொடங்கியவர்கள் குழுவின் பேஸ் கிதார்காரர் இயன் மெக்காய், டிரம்ஸ் வாசித்த ஜெஃப் நெல்சன். இருவருக்கும் அப்போது இருபது வயது ஆகவில்லை.

சென்ற வாரம் டேனியல் ஜான்ஸ்டனைப் பார்த்தோம். வீட்டில் பதிவு செய்த கேசட்டுகளை ஆஸ்டின் நகரத்தில் எதிர்ப்பட்டவர்கள் கையிலெல்லாம் திணித்த தனியாள். இந்த வாரக் கதையில் ஒரு ஊரே இருக்கிறது.

இசைக்கலைஞர்களிடம் 'உங்கள் மீது யாருடைய தாக்கம்?' என்று கேட்பது வழக்கம். நாலைந்து பெயர்களைச் சொல்வார்கள். நாமும் அந்தப் பெயர்களின் சாயலை இவர்களுடைய மெட்டில் தேடிக் கிளம்புவோம். இயன் மெக்காய் விஷயத்தில் அப்படித் தேடினால் பாதிதான் கிடைக்கும். முன்னோடிகளிடமிருந்து அவர் ஒலியை எடுத்துக்கொண்டதைவிட நடைமுறையை எடுத்துக்கொண்டதுதான் அதிகம்: கச்சேரியை எப்படி நடத்துவது, காசை எப்படிப் பிரிப்பது, யாரை உள்ளே விடுவது.

ஹெண்ட்ரிக்ஸும் ஒரு டாலர் வானொலியும்

இயன் 1962-ல் பிறந்தவர். அப்பா 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகைக்காரர். குடும்பம் போய்வந்த செயின்ட் ஸ்டீபன் தேவாலயம், கறுப்பின மக்களின் உரிமைக்காகவும் வியட்நாம் போருக்கு எதிராகவும் குரல் கொடுத்த இடம். பத்து பேர் கூடினால் ஒரு காரியத்தைத் தாங்களே செய்துவிடலாம் என்பதைச் சிறு வயதிலேயே பார்த்து வளர்ந்த பையன்.

அவனுடைய முதல் தெய்வம் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். 'வுட்ஸ்டாக்' படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். ஆனால் அந்தத் தெய்வம் 1970-ல், 27 வயதில், அளவுக்கு மீறிய தூக்க மாத்திரையால் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்னொரு பக்கம் டெட் நூஜென்ட் என்ற ராக் கிதார்காரர், மேடையில் வெறியாட்டம் ஆடுவார். சொட்டு மது தொடமாட்டார். நூஜென்ட்டின் வலதுசாரி அரசியலுக்கும் இயன் பின்னாளில் போன வழிக்கும் ஏழாம் பொருத்தம். என்றாலும், போதை இல்லாமலே உச்சத்தில் வாசிக்க முடியும் என்ற பாடம் அவரிடமிருந்து வந்ததுதான்.

இருந்தும் மேடை என்பது வேறு யாரோ ஏறும் இடம் என்றே இயன் நினைத்திருந்தான். 1979 பிப்ரவரி 3 அன்று அந்த நினைப்பு மாறியது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் தன் மாணவர் வானொலியின் தொந்தரவு தாங்காமல், அதன் ஒலிபரப்பு உரிமத்தை இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டது. அந்த வானொலிக்கு ஆதரவாக நடந்த கச்சேரியில் வாசித்த குழு தி கிராம்ப்ஸ். அரங்கம் கொள்ளாத கூட்டம், தள்ளுமுள்ளு, களேபரம். 16 வயது இயன் அங்கே இருந்தான். மேடையில் இருப்பவனுக்கும் கீழே நிற்பவனுக்கும் இடையே பெரிய தூரமில்லை என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தான்.

அண்ணன்மார்

வாஷிங்டனில் அப்போது பேட் பிரெயின்ஸ் என்று ஒரு குழு இருந்தது. நான்கு கறுப்பின இளைஞர்கள். முதலில் ஜாஸ் ஃபியூஷன் வாசித்தவர்கள். மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா போன்ற குழுக்களைக் கேட்டுக் கையைப் பழக்கியவர்கள். அந்த ஆர்கெஸ்ட்ராவை நடத்திய ஜான் மெக்லாலின்தான் பிறகு எல்.சங்கரோடும் விக்கு விநாயக்ராமோடும் சேர்ந்து 'சக்தி' குழுவில் வாசித்தவர். கடினமான தாளக்கட்டுகளை விரல் நுனியில் வைத்திருந்த இந்த நால்வரும் பங்க் இசைக்கு வந்தபோது, மற்றவர்கள் மூச்சிரைக்க எட்டிப் பிடிக்க முயன்ற வேகத்தை அலட்டிக்கொள்ளாமல் வாசித்தார்கள். கூடவே ரெகேயும் வாசித்தார்கள். பாடகர் எச்.ஆர். கையில் எப்போதும் நெப்போலியன் ஹில் எழுதிய சுயமுன்னேற்றப் புத்தகம். பணக்காரனாவது எப்படி என்று 1937-ல் வெளிவந்த அந்த நூலிலிருந்து பணத்தைக் கழித்துவிட்டு 'மனதைத் தளரவிடாதே' என்பதை மட்டும் எடுத்து, அதையே பாட்டாக்கினார்.

ஒரு சமயம் கருவிகளை இழந்து நின்ற பேட் பிரெயின்ஸ், டீன் ஐடில்ஸ் பையன்கள் ஒத்திகை பார்த்த அறைக்கு வந்து அவர்களுடைய கருவிகளில் பயிற்சி செய்தார்கள். இவர்கள் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார்கள். காசு கொடுத்தாலும் கிடைக்காத குருகுலம்.

1980 ஆகஸ்டில் டீன் ஐடில்ஸ் பேருந்து பிடித்து கலிஃபோர்னியாவுக்குப் போனது. சான் பிரான்சிஸ்கோவில் மாபுஹே கார்டன்ஸ் என்ற இடம். மது விற்கும் இடம் என்பதால் சிறுவர்களை விரட்டுவதற்குப் பதிலாக, கையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டார்கள். குறி போட்ட கைக்கு மது கிடையாது, பாட்டு உண்டு. ஊருக்குத் திரும்பியவர்கள் அதே ஏற்பாட்டைத் தங்கள் ஊர் கிளப்பிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தார்கள். முதல் தட்டின் அட்டையில் இருப்பதும் அதே குறி போட்ட இரண்டு கைகள்தான். அடுத்து இயன் தொடங்கிய மைனர் த்ரெட் குழு, 1981-ல் 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' என்று ஒரு பாட்டு போட்டது. மொத்தம் 46 விநாடி. குடியும் போதையும் வேண்டாம் என்று ஒரு இளைஞன் தன்னைப் பற்றிச் சொன்னதை, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு இயக்கமாக எடுத்துக்கொண்டார்கள். இயக்கம் தொடங்கும் எண்ணம் தனக்கு இருந்ததே இல்லை என்று இயன் சொல்லிக்கொண்டே இருக்கிறார். யாரும் கேட்பதாக இல்லை.

பசையும் கத்தரிக்கோலும்

டிஸ்கார்டின் முதல் தட்டுகளைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். பாட்டைப் பதிவு செய்தது ஆர்லிங்டனில் டான் சியன்டாரா என்பவர் தன் வீட்டிலேயே நடத்திய இன்னர் இயர் ஸ்டூடியோவில். தட்டு அச்சடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தவர் ராக்வில்லில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த ஸ்கிப் கிராஃப். உறைக்கு என்ன செய்வது? இங்கிலாந்தில் வந்த ஒரு சிறு தட்டின் உறையை எடுத்து, ஒட்டிய இடங்களைப் பிரித்து, விரித்துவைத்து அளவெடுத்தார்கள். அந்த அளவில் தாளில் அச்சடித்து, நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து, வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டுகிற மாதிரி வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். ஆயிரத்தையும் கையால்.

லாஸ் ஏஞ்சல்ஸில் டேஞ்சர்ஹவுஸ் என்ற சிறு நிறுவனம் உள்ளூர்க் குழுக்களை மட்டும் பதிவு செய்து வந்தது. டிஸ்கார்டுக்கு அது முன்மாதிரி. வாஷிங்டன் வட்டாரக் குழுக்களைத் தவிர வேறு யாருடைய தட்டையும் போடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். குழுக்களோடு எழுத்துபூர்வ ஒப்பந்தம் கிடையாது, லாபத்தில் பங்கு. கடைக்காரர் விலையை ஏற்றிவிடக் கூடாது என்று, தபால் செலவு உட்பட இவ்வளவுதான் என்று அட்டையிலேயே அச்சிட்டார்கள். இயனின் சாப்பாட்டுச் செலவுக்கு ஐஸ்கிரீம் கடை வேலையும் சினிமா தியேட்டர் வேலையும் இருந்தன. இசை தனக்குச் சோறு போட வேண்டும் என்று அவசரப்படுத்தாததால், இசையை யாரிடமும் அடகு வைக்க வேண்டியிருக்கவில்லை.

ஃபுகாஸி

வாஷிங்டனுக்கென்றே ஒரு நாட்டுச்சரக்கு உண்டு: கோ-கோ இசை. சக் பிரவுன் உருவாக்கியது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையில் தாளம் நிற்காது. கூட்டமும் மேடையும் மாற்றி மாற்றிக் குரல் கொடுக்கும். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரத்தில் அதுதான் தெருவின் இசை. வெள்ளைக்காரப் பையன்கள் நிறைந்த பங்க் கூட்டத்துக்கும் அதற்கும் போக்குவரத்து குறைவு. 1983 செப்டம்பரில் மைனர் த்ரெட்டின் கடைசிக் கச்சேரியில், டிரபிள் ஃபங்க் என்ற கோ-கோ குழுவும் அதே மேடையில் வாசித்தது. இரண்டு கூட்டத்தையும் ஒரு கூரைக்குக் கீழே கொண்டுவரும் முயற்சி. 1985 கோடையில் இதே பங்க் இளைஞர்கள் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் கையில் கிடைத்ததையெல்லாம் தட்டித் தாளம் போட்டு, நிறவெறி அரசுக்கு எதிராகப் போராடினார்கள்.

இவை அனைத்தும் சேர்ந்து வந்து நின்ற இடம்தான் ஃபுகாஸி. 1987 செப்டம்பர் 3 அன்று முதல் கச்சேரி. இயன், பேஸ் கிதாரில் ஜோ லாலி, டிரம்ஸில் பிரெண்டன் கேன்டி. விரைவிலேயே கை பிச்சியோட்டோ சேர்ந்துகொண்டார். ஸ்டூஜஸ் குழுவின் முரட்டுத்தனமும் ரெகேயின் நடையும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்பதுதான் இயன் தேடிய ஒலி.

'வெய்ட்டிங் ரூம்' பாட்டைக் கேளுங்கள். லாலியின் பேஸ் தனியாக நடந்து வரும். டிரம்ஸும் கிதாரும் சேரும். சூடு பிடிக்கிற நேரத்தில் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். முழு மௌனம். கேட்பவர் 'என்ன ஆச்சு?' என்று நிமிர்வதற்குள் மொத்தக் குழுவும் பாய்ந்து உள்ளே வரும். ஓடிக்கொண்டிருக்கும் இசையிலிருந்து கருவிகளை உருவிவிட்டு வெற்றிடத்தையே தாளமாக்கும் ஜமைக்கா டப் இசையைக் கேட்டவர்களுக்கு இந்த மௌனத்தின் பூர்வீகம் புரியும். சத்தமாக வாசிக்க எல்லா பங்க் குழுவுக்கும் தெரியும். நிறுத்தத் தெரிந்த குழு இது.

கை பிச்சியோட்டோ சேர்ந்தபோது அவருக்குக் கிதார் வேலை இல்லை. இன்னொரு கிதாருக்கு இடமில்லாத இசை. அவர் எடுத்துக்கொண்ட முன்மாதிரி ராக் உலகத்திலேயே இல்லை. பப்ளிக் எனிமி என்ற ஹிப்ஹாப் குழுவில் சக் டி பாட, கூடவே நின்று குறுக்கே குரல் கொடுத்து, ஏற்றிவிட்டு, சீண்டி விளையாடும் ஃப்ளேவர் ஃப்ளாவ்தான் அவருக்கு வழிகாட்டி. இரண்டு குரல்கள் மோதிக்கொள்ளும் ஃபுகாஸியின் முத்திரை அங்கிருந்து வந்தது.

கச்சேரி நடத்தும் முறைக்கு வருவோம். டிக்கெட் பெரும்பாலும் ஐந்து டாலர். எல்லா வயதினரும் வரலாம். இன்ன பாட்டுக்கு அடுத்து இன்ன பாட்டு என்று பட்டியல் போட்டுக்கொண்டு மேடை ஏறுவதில்லை. குழுவின் பெயர் போட்ட பனியன் விற்பதில்லை. 'இது ஃபுகாஸி பனியன் அல்ல' என்று அச்சடித்து யாரோ கள்ளத்தனமாக விற்றுப் பிழைத்தார்கள். கூட்டத்தில் அடுத்தவரை இடித்து மிதித்து ஆடினால், பாட்டை நிறுத்திவிட்டு இயன் அந்த ஆளை மரியாதையாக அழைத்துப் பேசுவார். கேட்கவில்லையென்றால், உறையில் தயாராக வைத்திருக்கும் ஐந்து டாலரைக் கையில் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். காசை வாங்கிக்கொண்டு ஆளைத் துரத்துவது நியாயமில்லை அல்லவா?

1990-களின் தொடக்கத்தில் நிர்வாணா என்ற ராக் குழுவின் வெற்றிக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் இப்படிப்பட்ட குழுக்களைத் தேடி அலைந்தன. ஃபுகாஸியின் கதவையும் தட்டின. திறக்கவில்லை. 2002 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள். அவற்றில் 800-க்கும் மேலான கச்சேரிகளை ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார்கள். 2011 முதல் அவற்றை இணையத்தில் ஒவ்வொன்றாக வெளியிட்டார்கள். பரிந்துரைத்த விலை அதே ஐந்து டாலர்.

இதையெல்லாம் படித்துவிட்டு இயன் மெக்காயை ஒரு துறவியாக நினைத்துக்கொள்ளத் தோன்றும். வேண்டாம். இது துறவு அல்ல, கணக்கு. செலவைக் குறைத்தால் டிக்கெட்டைக் குறைக்கலாம்; டிக்கெட்டைக் குறைத்தால் பதினைந்து வயதுப் பையனும் உள்ளே வரலாம்; அவனே நாளைக்குக் குழு தொடங்குவான். 1979-ல் அந்த வானொலிக் கச்சேரியில் தனக்கு நடந்ததை மற்றவர்களுக்கும் நடக்கும்படி செய்ததுதான் இயனின் மொத்தச் சாதனை. முன்னோடிகளின் மெட்டைக் காப்பியடித்தவர்கள் ஏராளம். முன்னோடிகள் திறந்த கதவைத் தானும் திறந்து வைத்தவர்கள் மிகச் சிலர்.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் இந்த வரிசையில் போங்கள்: முதலில் சக் பிரவுன், அடுத்து பேட் பிரெயின்ஸ், மைனர் த்ரெட், கடைசியாக ஃபுகாஸியின் '13 சாங்ஸ்'. தலைகீழாகக் கேட்டால் நாலு குழு தெரியும். இந்த வரிசையில் கேட்டால் ஒரு ஊர் தெரியும்.

இன்னர் இயரில் 1991-ல் இயன் ஒலிப்பதிவு செய்துகொடுத்த குழுக்களில் ஒன்று பிகினி கில். 'பெண்களெல்லாம் முன்னால் வாருங்கள்' என்று மேடையிலிருந்து அழைத்த அந்தக் குழுவின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)