மழையில் நின்ற வெற்றி வீரர்

1963 ஆம் ஆண்டு. தென்னாபிரிக்காவிலுள்ள டர்பன் கண்ட்ரி கிளப் மைதானத்தில் நேட்டால் பகிரங்கக் கொல்ப் போட்டி முடிவுற்றுப் பரிசளிக்கும் வேளை வந்தது. மழையும் வந்தது. வெள்ளைக்கார வீரர்கள் கழக மண்டபத்தினுள் ஒதுங்கிக்கொண்டனர். வென்றவர் மாத்திரம் வெளியே நின்றார். மழையிலேயே அவர் கையிற் கிண்ணம் கொடுக்கப்பட்டது. அவர் இந்திய வம்சத்தவர். வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட அம்மண்டபத்தினுள் அவர் காலடி வைக்கலாகாது என்பது அந்நாட்டு முறை.

பப்வா சியூகோலம் என்பது அவர் பெயர். 1860 இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பலே நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு முதலாவது இந்தியத் தொழிலாளர் கூட்டத்தைக் கொண்டுசென்றது. அவ்வாறு வேரூன்றிய சமூகத்தில், ஏழைக் குடும்பமொன்றிற் பிறந்தவர் பப்வா. பள்ளிக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. வெள்ளையர் விளையாடும்போது அவர்களின் மட்டைப் பையைச் சுமந்து கூலி பெறும் சிறுவனாகவே அவர் மைதானத்தை அறிந்தார்.

கொல்ப் ஆட்டத்தின் விதி எளிது. 18 குழிகளிலும் பந்தை மிகக் குறைந்த அடிகளில் இடுபவரே வென்றவர். வலப்புறமாக நின்று ஆடுவோர் இடக்கையை மேலும் வலக்கையைக் கீழும் வைத்து மட்டையைப் பிடிப்பர். பப்வாவோ வலக்கையை மேலும் இடக்கையைக் கீழும் வைத்துப் பிடித்தார். திருத்துவதற்கு அவருக்கு ஆசிரியர் இருக்கவில்லை. எந்த ஆட்ட ஆசிரியரும் பிழையென்றே சொல்லக்கூடிய அப்பிடியினாலேயே பந்து அவர் எண்ணிய இடத்திற்குச் சென்றது.

அவருடைய திறமையைக் கண்டு 1959 இல் ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றவர் கிரஹம் வுல்ஃப் என்னும் வெள்ளையர். நிறத்தைக் கடந்து மனிதனைக் காணும் கண் அந்நாட்டிலும் இல்லாமற் போகவில்லை. அவ்வாண்டே ஒல்லாந்துப் பகிரங்கப் போட்டியில் பப்வா வாகை சூடினார். 1960 இலும் 1964 இலும் அதே பட்டம் மீண்டும் அவரைச் சேர்ந்தது. பிறநாட்டில் அவருக்குத் திறந்த கதவு, பிறந்த நாட்டில் மூடியே கிடந்தது.

மழையிற் பரிசு பெறும் அவரது படம் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. நிறவொதுக்கற் கொள்கை யாதென்பதை நீண்ட பிரசங்கங்கள் விளக்காத அளவுக்கு அப்படம் விளக்கிற்று.

1965 இல் நேட்டால் பகிரங்கப் போட்டியில் அவர் மறுமுறையும் வென்றார். இம்முறை அவரிடம் தோற்றவர் கரி பிளேயர்! பிரித்தானியப் பகிரங்கப் பட்டத்தையும் அமெரிக்காவின் பெரும் பட்டங்களையும் முன்னரே வென்று, அதே 1965 இல் அமெரிக்கப் பகிரங்கப் பட்டத்தையும் வென்ற உலகப் புகழ் வீரர் அவர். வெள்ளையர் உயர்ந்தவர் என்னும் கோட்பாட்டின்மீது எழுப்பப்பட்ட அரசு இதை எவ்வாறு பொறுக்கும்? அதன்பின் அத்தகைய போட்டிகளில் ஆடும் அனுமதி அவருக்கு மறுக்கப்பட்டது. அவரை மைதானத்தில் வெல்ல முடியவில்லை. ஆகவே மைதானத்தையே அவருக்கு மூடிவிட்டனர். நல்ல ஆட்டத்துக்குரிய ஆண்டுகள் வீணே கழிந்தன. 1978 இல், ஐம்பது வயதை எட்டுமுன்னரே, வறுமையில் அவர் காலமானார்.

நிறவொதுக்கல் ஆட்சி 1994 இல் முடிவுற்றது. டர்பனில் ஒரு கொல்ப் மைதானம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆயினும், இறந்தபின் சூட்டப்படும் மாலையின் மணத்தை அதற்குரியவன் அறிவதில்லை.

மாணவர்களே, அடிகளை எண்ணும் அட்டையில் அடித்தவனின் நிறத்தை எழுதுவதற்கு இடமில்லை. அந்த அட்டையின் நேர்மையைத்தான் பப்வா தம் நாட்டிடம் கேட்டார். நம் அயலிலும் திறமையுள்ள ஒருவன் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கலாம். அவனை உள்ளே அழைக்கும் கடமை, உள்ளே நனையாமல் இருப்பவர்களுடையது.